கும்பகோணம் வாய்க்கால்களைத் தூர் வாரும்போது கரை மரங்களையும் நீர்வாழ் உயிர்களையும் காக்கக் கோரி மனு

அனுப்புநர்
அரசலாற்றங்கரைப் பகுதிக் குடியிருப்போர் மற்றும் விவசாயிகள்,
கும்பகோணம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தஞ்சாவூர்.

பொருள்: மாநகர எல்லையில் உள்ள பாசன வாய்க்கால்கள், கரை மரங்கள், கோடை மடுக்கள் ஆகியவற்றைப் பாதுகாத்துத் தூர் வாரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2028இல் மகாமகம் வருகிறது. அதற்குள் சாலை, படித்துறை, வடிகால் என்று ஊரில் நிறைய வேலைகள் நடக்கும். நடக்கத்தான் வேண்டும். வாய்க்கால்களில் செய்யும் வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மனு.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே உருவான ஊர் இது. 2021இல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த நஞ்சை ஒவ்வொன்றாக மனைப்பிரிவாகிறது. (2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது, மனை போடுவதைத் தடுப்பதில்லை.) வயல் போனதும் வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீர்க் குழாயை விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதற்குச் சாக்கடை என்றே பெயர் வந்துவிடுகிறது. அப்புறம் சிலாப் போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கீழே மிச்சமிருக்கும் வயலுக்கும் குளத்துக்கும் அதே வாய்க்கால்தான் தண்ணீர் கொண்டுபோகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புது நகர்களின் தண்ணீர் வடிவதும் அதில்தான்.

போன கோடையில் எங்கள் பகுதி வாய்க்காலைத் தூர் வாரப் பொக்லைன் வந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்ததால் வாராமல் விட முடியாது, சரி. ஆனால் வண்டி போக வழி வேண்டும் என்று இரண்டு கரையிலும் இருந்த புங்கன், பூவரசு, நொச்சி எல்லாவற்றையும் சாய்த்துவிட்டார்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டினார்கள். பிடித்துவைக்க வேர் இல்லாததால் மழை வந்ததும் மண் சரிந்து மறுபடியும் வாய்க்காலுக்குள்ளேயே வந்தது. காட்டாமணக்கு ஒடித்துப் போட்ட தண்டிலிருந்தே துளிர்க்கிற செடி. சேற்றோடு கிடந்த துண்டுகள் கரை நெடுகத் தழைத்துவிட்டன. எதை ஒழிக்க வந்தார்களோ அது இருக்கிறது, நாட்டு மரங்கள்தான் இல்லை. வண்டி ஓட்டியவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்ற கணக்கு மட்டும்தான் அவரிடம் இருந்தது.

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். இடைப்பட்ட மாதங்களில் ஆறும் வாய்க்காலும் காய்ந்தாலும் மதகுக்குக் கீழே உள்ள மடுக்களில் தண்ணீர் நிற்கும். விரால், கெளுத்தி, ஆமை, தவளை எல்லாம் அங்கேதான் கோடையைத் தள்ளுகின்றன. அணை திறந்து தண்ணீர் வந்தால் இவைதான் வயல்வரை பரவிப் பெருகும். மடையானும் நாரையும் நம் வயலுக்கு வருவது அந்த இரைக்காக. தூர் வாருவதும் சரியாக இதே மாதங்களில்தான். அடியை ஒரே மட்டமாக வழித்துவிட்டால் மடு இருந்த இடமே தெரியாது. மீன்கொத்தி செங்குத்தான மண் கரையைக் குடைந்து முட்டையிடும். அந்தக் கரைக்குக் கான்கிரீட் சுவர் கட்டினால் அது எங்கே போகும்? காவிரியில் இன்னும் இருக்கிற நீர்நாய்க்கும் பதுங்கக் கரைப் புதர் வேண்டும். அடித்தளத்துக்கும் கான்கிரீட் போட்டால் நிலத்தடிக்குத் தண்ணீர் இறங்காது. கல்லணைக் கால்வாயில் விவசாயிகள் அதை எதிர்த்தது இதனால்தான்.

எனவே, தூர் வாரும் வண்டி ஒரு கரையில் மட்டும் ஓட வேண்டும், மறு கரையின் மரங்களைத் தொடக் கூடாது என்று பணி ஆணையிலேயே எழுதும்படி வேண்டுகிறோம். பொது இடத்து மரத்தை வெட்டத் தங்கள் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வாய்க்கால் கரைப் புங்கனை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை. வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு கரை மரங்களுக்கு எண் போட்டால் போதும். மதகடி மடுக்களை வழிக்காமல் விட வேண்டும். காட்டாமணக்கை வேரோடு எடுத்து, சேற்றோடு கரையில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். வெறுமையான கரையில் மருதம், நாவல், புங்கன், நீர்நொச்சி, தாழை நடலாம்; அயல்நாட்டு மரமான கோனோகார்பஸ் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் முன், புலப்பட நகலில் (நில அளவை வரைபடத்தில்) உள்ள அகலத்துக்கு வாய்க்காலை அளந்து கல் நட உத்தரவிட வேண்டும். வீடு கட்டிக் குடி வந்தபிறகு அளந்தால் வழக்குதான் மிஞ்சும்.

இந்த ஆண்டுப் பணிக்கு ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே நீர்வளத்துறை, வனத்துறை, மாநகராட்சி அலுவலர்கள் ஒன்றாக வந்து பார்வையிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்த மடு எந்தக் கோடையிலும் வற்றாது என்று நேரில் காட்ட எங்கள் பகுதிப் பெரியவர்கள் தயாராக இருக்கிறார்கள். சர்வே எண்களும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
அரசலாற்றங்கரைப் பகுதிக் குடியிருப்போர் மற்றும் விவசாயிகள்
(கையொப்பங்கள் இணைப்பில்)