கையெழுத்துக்கு முன் அந்த அட்டவணையைக் காட்டுங்கள்

வீட்டுக்கடன் பிரிவில் பணிபுரியும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவருடைய மேசைக்கு எதிரே நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். முதல் வீடு, முதல் கடன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் அந்த அதிகாரி பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஒரு கையால் பக்கத்தைப் புரட்டினார், மறு கையால் இடத்தைக் காட்டினார். நடுவில் ஒரு பக்கத்தை என் மனைவி நிறுத்திப் படிக்கத் தொடங்கினாள். "எல்லாருக்கும் இதே படிவம்தாம்மா" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

அவரைக் குறை சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது என்ன என்று எங்களுக்குப் புரிய மூன்று ஆண்டு பிடித்தது. வட்டி ஏறினால் மாதத் தவணை ஏறாது, கடன் காலம்தான் நீளும். அவ்வளவுதான் விஷயம்.

தவணை மாறவில்லையே, கடனும் சரியாகக் குறைந்துகொண்டுதான் வரும் என்று நம்பியிருந்தோம். ஒருநாள் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால், மீதித் தவணைகள் 245 என்று இருக்கிறது. கடன் வாங்கிய அன்று 240. ஒரு மாதம்கூடத் தவறாமல் 36 தவணை கட்டிய பிறகு 245! 9 சதவீதமாக இருந்த வட்டி அப்போதுதான் 10 ஆகியிருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20 ஆண்டுக் கடன், 9 சதவீத வட்டி என்றால், வாங்கும் ஒவ்வொரு நூறுக்கும் மொத்தம் 216 கட்டுகிறோம். முதல் தவணையில் 83 சதவீதம் வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 17 சதவீதம்தான். அசலில் பாதி தீர 14 ஆண்டு ஆகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மீதி அசலுக்கு வட்டி போடும்போது ஆரம்பத்தில் வட்டி அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாளே இது தெரிந்திருந்தால், முதல் ஆண்டு வந்த போனஸை அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் செலவழித்திருக்க மாட்டோம். ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், வட்டி மாறாத வரை, அந்த 20 ஆண்டு பதினாறரை ஆண்டாகக் குறைந்துவிடும். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். ஒப்புதல் கடிதத்தோடு மாதவாரித் தவணை அட்டவணையையும் கொடுங்கள். முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அட்டவணை. அதன் கீழே, வட்டி அரை சதவீதம் ஏறினால் எத்தனை மாதம் கூடும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கடனில் தொடக்கத்திலேயே ஏறியிருந்தால் 29 மாதம் கூடியிருக்கும். வட்டி மாறும் ஒவ்வொரு முறையும், தவணையை ஏற்றலாமா, காலத்தை நீட்டலாமா என்று எங்களைக் கேளுங்கள். பலர் சிரமப்பட்டாவது தவணையை ஏற்றச் சொல்வார்கள்.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் இருபது ஆண்டு வட்டி ஓடுகிறது. காப்பீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடும்பத்துக்கு அது பாதுகாப்பு. கையிலிருந்து கட்டுகிறீர்களா, கடனில் சேர்க்கட்டுமா என்று தனியாக ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இன்னொன்று. நீங்கள் கடன் கொடுப்பது வீட்டுக்கு நீங்கள் போடும் மதிப்பீட்டை வைத்து, நாங்கள் பேசி முடித்த விலையை வைத்து அல்ல. அந்த இடைவெளி எங்களுக்குத் தெரிந்தது முன்பணம் கொடுத்த பிறகு. அதை நிரப்ப அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கினோம். முதல் வீடு வாங்குகிறவர் விசாரிக்க வரும் அன்றைக்கே, "மதிப்பீடு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "இவ்வளவு தொகைக்குத் தகுதி இருக்கிறது" என்று நீங்கள் சொல்லும்போது, இவ்வளவு கட்ட நம்மால் முடியும் என்றுதான் எங்கள் காதில் விழுகிறது. வீட்டுச் செலவு போக மிஞ்சுவது என்ன என்பது உங்கள் கணினிக்குத் தெரியாது. அதை வீட்டில் உட்கார்ந்து பேச எங்களுக்கு நேரம் வேண்டும்.

அடுத்த மாதம் என் தங்கையும் அவள் கணவரும் தங்கள் முதல் வீட்டுக்காக உங்களைப் போல ஒருவரிடம் வருகிறார்கள். பத்திரங்களை இரண்டு நாள் முன்னதாக அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். பென்சில் குறி இருந்தால் பரவாயில்லை. அவள் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு வருவாள்.

இப்படிக்கு,
இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்