கோப்புச் சேவையகத்தின் முடிவில்லா மறுமுயற்சிக் கோளாறு தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

இது என் ஐந்தாவது கடிதம். முந்திய நான்கிற்கும் ‘உங்கள் முறைப்பாடு பதிவாகியுள்ளது’ என்ற ஒற்றை வரிதான் பதில்.

மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கான அறிவித்தல்களை அச்சிடும் நாட்களில் எங்கள் அச்சகத்தின் நான்கு கணினிகளும் அசைவற்று நின்றன. எல்லாக் கணினிகளும் பகிரும் கோப்புகளை வைத்திருக்க உங்களிடம் வாங்கிய கருவிதான் இந்தச் சேவையகம். இரண்டு கணினிகள் ஒரே கோப்பைத் தொட்டால் போதும், அது 10008 என்று பதில் அனுப்பத் தொடங்குகிறது. ‘சற்றுப் பொறுத்து மீண்டும் கேள்’ என்பது அதன் பொருள். உங்களுக்குத் தெரியாததா? கணினி பொறுத்திருந்து கேட்கிறது. மறுபடியும் 10008. விடியும்வரை இதுவே. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் தங்கையின் மகன், கோப்புகள் போய்வரும் வலையமைப்பு வாயிலான 2049 ஆம் போர்ட்டில் போய்வந்தவற்றைப் பதிவுசெய்தே காட்டினான்.

மவுண்டை, அதாவது கணினி சேவையகத்தோடு இணையும் அமைப்பை, ‘சாஃப்ட்’ ஆக்கும்படி தொலைபேசியில் சொன்னீர்கள். ஆக்கினேன், பயனில்லை. பதிலே வராதபோதுதான் அது கைவிடும். இங்கே பதில் வந்துகொண்டே இருக்கிறதே! எழுதும் கோப்பு பாதியில் பழுதாகும் ஆபத்து வேறு.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். தொலைபேசியில் உங்கள் ஊழியர் ஒருவர், “மட்டக்களப்பில் கரண்ட் சரியில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்வது? இவ்வளவு பெரிய கருவி உங்களுக்கு எதற்கு?” என்று கேட்டார். பணத்தை எண்ணி வாங்கியபோது இந்தக் கேள்வி ஏன் எழவில்லை? கருவியைக் கொண்டுவரும்படி அவர் சொன்னதால், அதை மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பஸ்ஸில் உங்களிடம் கொழும்புக்கு வந்தேன். ஒரே ஒரு கணினியில் ஒரு சின்னக் கோப்பைத் திறந்துபார்த்துவிட்டு, பத்து நிமிடத்தில் “பழுதில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது கணினியை இணைத்துப் பாருங்கள் என்று நான் மன்றாடியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கோயில் வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. இருபது வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரே வாரத்தில் அழிந்தது.

தயவுசெய்து உங்கள் பொறியாளர் ஒருவரிடம் இதைக் கொடுங்கள். கோப்பை விடுவிக்க முடியாவிட்டால், குறித்த நேரத்துக்குப் பின் ‘பிழை’ என்று திட்டமாகச் சொல்லும்படி சேவையக மென்பொருளைத் திருத்தி அனுப்புங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும்.

பதினான்கு நாட்களுக்குள் இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். வலையமைப்புப் பதிவும் பஸ் டிக்கெட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
மட்டக்களப்பு