பழைய செயினை முதலில் கழற்றாதே

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், பைக் செயினை நீயே மாற்றப்போவதாகச் சொன்ன உன் கடிதத்தின் கடைசி வரி: "ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையா பழைய செயினைக் கழற்றி வீசிடுவேன்." டேய், வீசாதே! அன்றைக்கு உனக்குக் கிடைக்கப்போகும் ஒரே எடுபிடி அந்தச் செயின்தான்.

இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரம், அதாவது முன் ஸ்பிராக்கெட், அதன் நட்டை யோசித்துப் பார். செயின் இல்லாமல் ஸ்பேனரைப் போட்டால் நட்டோடு சேர்ந்து அது மாட்டியிருக்கும் ஷாஃப்டும் சுற்றும். செயின் இருந்தால் முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீ திருகலாம். அதற்கு முன், நட்டு கழலாமல் பிடித்திருக்கும் லாக் வாஷரின் மடிந்த காதை உளியால் நிமிர்த்திவிடு. உன் வண்டியில் பெரிய நட்டுக்குப் பதில் இரண்டு சின்ன போல்ட்டும் ஒரு தகடும்தான் என்றால் இந்த மல்யுத்தமே கிடையாது. பின் ஸ்பிராக்கெட் நட்டுகளையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிடு.

செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்கிறாய். போதாது. செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, தகடு எங்கே நீள்கிறது? உள்ளே கண்ணிகளை இணைக்கும் ஊசியும் (பின்) அதைச் சுற்றிய குழலும் (புஷ்) தேய்ந்துதான் இடைவெளி கூடுகிறது. 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ. இருபது கண்ணிக்கு 254. இழுத்துப் பிடித்து அளக்கும்போது 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் போய்விட்டது. அந்த இடைவெளிக்கு ஏற்றபடி ஸ்பிராக்கெட்டின் பல்லும் கொக்கியாகத் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் பாரமெல்லாம் ஒன்றிரண்டு பல்லில் விழுந்து, புதுசும் சீக்கிரம் பாழ். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்று.

பல் எண்ணிக்கையில் கைவைக்காதே. முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால் விகிதம் 3. முன்னே ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினாலே 3.23, பின்னே மூன்று பல் கூட்டியதற்குச் சமம். "பிக்கப் பிய்க்கும்" என்று நம்ம குண்டன் ஏத்திவிடுவான். நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தும்போது அவன் கூட இருக்கமாட்டான்.

பின்சக்கர அச்சை, அதாவது ஆக்சிலைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளு. தொய்ந்த செயினோடு முன் ஸ்பிராக்கெட்டை உருவிவிட்டுப் புதுசை மாட்டு. பிறகுதான் செயினின் இரு நுனியையும் இணைக்கும் செயின் லாக்கைப் பிரி. பழசின் நுனியில் புதுசைக் கோத்து, நியூட்ரலில் மெதுவாக இழு. கவருக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. பழசையும் புதுசையும் பக்கத்தில் படுக்கவைத்து நீளம் ஒப்பிடாதே, கண்ணிகளை எண்ணு. 120 கண்ணிச் செயின் 2 சதவீதம் தேய்ந்தால் இரண்டு கண்ணிக்கு மேலேயே நீண்டிருக்கும். பின் ஸ்பிராக்கெட்டை மாற்றப் பின்சக்கரம் வெளியே வந்ததும், அதன் நடுவில் அதிர்ச்சி தாங்கும் ஹப் ரப்பர்களையும் அமுக்கிப் பார்.

இனி என் பயம். செயின் லாக்கைப் பிடிக்கும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்: செயினின் மேல் பக்க ஓட்டத்தில் முன்னோக்கி, கீழ்ப் பக்க ஓட்டத்தில் பின்னோக்கி. திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுகொள்ளும். அறுந்த செயின் சக்கரத்தைப் பூட்டும், இன்ஜின் கேஸையும் உடைக்கும். கிரீஸ் வெளியேறாமல் ரப்பர் வளையம் போட்ட ஓ-ரிங் செயின் என்றால், லாக்கின் நான்கு ரிங்கும் கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்.

தொய்வு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். பெரும்பாலும் 25-லிருந்து 35 மி.மீ.க்குள். கீழ் ஓட்டத்தின் நடுவில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் அளந்து நிறுத்தாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் தொய்வை வை. இன்ஜினை ஓடவிட்டுச் சுற்றினால் விரல் போய்விடும்! "கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்பது உன் பழைய வியாதி. நீ ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் உயர்ந்து செயின் இன்னும் இறுகும், பேரிங் சாகும். சக்கரம் நேராக நிற்கிறதா என்று காட்டும் இரண்டு பக்கக் கோடும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, ஸ்விங் ஆர்ம் அசையும் பிவட்டிலிருந்து ஆக்சில் மையம் வரை அளந்தும் பார். கோடு சில வண்டிகளில் பொய் சொல்லும். ஆக்சில் நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பின் தொய்வை மறுபடி அளந்துவிடு. அந்த நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின் புதுசுதான், பழசை நிமிர்த்திப் போடாதே. டிரம் பிரேக் என்றால் பிரேக் பெடல் ஆட்டத்தையும் சரிசெய்.

லாக் மாட்டியதும் படம் அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு வண்டியைக் கிளப்பு.

உன்
பழைய பாவி