காலை 11 மணிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

முதியோர் இல்லங்களுக்குப் பதிவு வழங்கும் உங்களுக்கு மறதிநோய் வார்டு எப்படி இருக்கும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கட்டில்களுக்கு இடையே எத்தனை அடி, கழிப்பறையில் கைப்பிடி, தீயணைப்புக் கருவி, கேமரா எல்லாவற்றையும் இந்த முறையும் பார்த்து, 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனீர்கள். வந்தது காலை 11 மணிக்கு. காலைச் சாப்பாடு முடிந்து மதியச் சாப்பாடு தொடங்காத நேரம். அந்த வார்டில் ஆபத்தே தட்டில்தான் இருக்கிறது.

நோய் முற்றி, விழுங்கவே தடுமாறும் ஒருவருக்கு ஒரு வேளை உணவு ஊட்ட 30 நிமிடமாவது ஆகும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, அரை டீஸ்பூன் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று நடுநடுவே பார்க்க வேண்டும். முடிந்ததும் வாயைச் சுத்தம் செய்து, இன்னும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. ஊட்ட வேண்டியவர்கள் 12 பேர், ஆயாக்கள் 2 பேர் என்றால் 3 மணி நேரம். 8 மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆளுக்கு இட்லி பத்தரைக்கு. எந்தச் சமையற்கட்டு அதுவரை காத்திருக்கும்? அதனால் ஆளுக்கு 8 நிமிடம்.

அந்த 8 நிமிடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ரசம் சாதம் லேசானது என்று ஊட்டுவார்கள். இவர்களுக்கு அதுதான் மோசம். பருக்கை வாயில் இருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குழைந்த பொங்கல், கெட்டியாகப் பிசைந்த தயிர்சாதம் என்று ஒரே பதமாக இருந்தால் பிழைத்தார். பலருக்குப் புரையேறினால் இருமல்கூட வராது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், மூச்சிரைப்பு. ரிஜிஸ்டரில் 'வயோதிகம், சளி' என்று ஏறும்.

அடுத்தது மூக்கில் டியூப். நோய் முற்றிய நிலையில் டியூப் புரையேறுவதைத் தடுக்காது, ஆயுளையும் கூட்டாது, கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்பது முதியோர் மருத்துவத்தில் பழைய பாடம். ஆனால் டியூபில் ஊற்ற 10 நிமிடம் போதுமே! அவர் அதைப் பிடுங்குவார். கையைத் துப்பட்டாவால் கட்டிலோடு கட்டுவார்கள். கட்டினால் கத்துவார். கத்தினால் மாத்திரை. மாத்திரை மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு டியூபில் ஊற்றினால் கஞ்சி மேலெழும்பி மறுபடியும் நுரையீரலுக்கே போகும்.

எங்கள் முக்கியக் கோரிக்கை இதுதான். பதிவைப் புதுப்பிக்கும்போது, ஊட்டிவிட வேண்டிய 3 பேருக்கு ஒருவர் என்று வேளாவேளைக்கு ஆள் கணக்கு கேளுங்கள். மொத்த ஊழியர் எண்ணிக்கை வேண்டாம். அதில் வாட்ச்மேனும் டிரைவரும் சேர்ந்துவிடுகிறார்கள்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும், அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் வேண்டும் என்று எண்ணிக்கை சொன்னது. ஊட்டுவதற்கு எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அந்தக் குறையைப் புண்ணியவான்கள் தீர்த்துவைக்கிறார்கள்: பிறந்தநாளுக்கு வாழையிலை போட்டு மெதுவடை, ஜாங்கிரி. விழுங்கத் தெரியாதவர் வாயில் வடையை வைத்து ஒரு போட்டோ. அதை அனுமதிக்கும் முன், இவரால் விழுங்க முடியுமா என்று யாராவது கேட்கலாம். இரவுச் சாப்பாட்டை மாலை 6 மணிக்கே முடித்து, பகல் ஷிப்ட் கிளம்பும் முன் எல்லோரையும் படுக்க வைப்பதையும் கேட்கலாம். காலை 8 வரை 14 மணி நேரம் வெறும் வயிறு.

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். 3 பேருக்கு ஒருவர் என்பதை ஆய்வுப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆய்வுக்குத் தயவுசெய்து காலை 8 மணிக்கு, சொல்லாமல் வாருங்கள். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை இருங்கள்.

இப்படிக்கு,
மறதிநோய் வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்கள்