பி.சி.டி. தேர்வில் தூக்குதிறன் மட்டும் அளவுகோல் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்கூபா பயிற்சி பற்றி வெளியான கட்டுரை, புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் திருகோணமலைக்கும் சென்று கடலுக்கடியில் இறங்கிப் பார்க்கும் ஆவல் தமிழரிடையே பெருகிவரும் வேளையில் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், சொந்தமாகக் கருவிகள் வாங்க விரும்புவோருக்கு அதில் கூறப்பட்டிருந்த ஓர் அறிவுரையை மறுக்காமல் விட இயலவில்லை. முழுகுபவர் அணிந்துகொண்டு, காற்றை ஏற்றியும் இறக்கியும் தம் மிதப்பைக் கட்டுப்படுத்தும் கருவியான பி.சி.டி.யைப் பொறுத்தவரை, தூக்குதிறன் (முழுதாக ஊதிய பை நீரில் தாங்கக்கூடிய எடை) கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்றும், ஆகவே 20 கிலோவுக்குக் குறையாத தூக்குதிறன் கொண்ட ஜாக்கெட்டையே வாங்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வெதுவெதுப்பான நம் கடல்களில் ஒற்றைச் சிலிண்டருடன் இறங்குபவருக்கு இது வீண் செலவு. அதைவிட, அந்தக் கருவியை எதற்காக அணிகிறோம் என்பதையே மறக்கச் செய்யும் அறிவுரை.

கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான பயிற்சி மையங்களில் தரப்படும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். அதன் எடை 2.6 கிலோ அளவில் வரும். முழுகலின் முடிவில் அந்தக் காற்றில் பெரும்பகுதி தீர்ந்து சிலிண்டர் இலேசாகிவிடுவதால், அப்போதும் நீருக்குள் நிலையாக நிற்பதற்காகத் தொடக்கத்திலேயே அந்த அளவுக்குக் கூடுதல் ஈய எடைக்கட்டிகளுடன் இறங்குகிறோம். இது ஒன்று. மற்றொன்று, ஆழம் செல்லச் செல்ல, குளிரைத் தடுக்க அணியும் வெட்சூட் உடையின் நியோப்ரீன் என்னும் நுரை ரப்பர் நசுங்கி மிதப்பை இழப்பது. நம் பகுதியில் அணியப்படும் 3 மில்லிமீட்டர் உடையில் இந்த இழப்பு 2 கிலோவைத் தாண்டுவது அரிது. இரண்டையும் கூட்டினாலும் நீருக்கடியில் ஈடுசெய்ய வேண்டியது 5 கிலோவுக்கு உள்ளேதான். மேற்பரப்பில் தலையை வசதியாக வெளியே வைத்துக்கொள்வதற்கான மிதப்பையும் சேர்த்துப் பார்த்தால், 13 அல்லது 14 கிலோ தூக்குதிறன் தாராளமாகப் போதும். தடித்த உடையும் இரட்டை இரும்புச் சிலிண்டர்களும் தேவைப்படும் குளிர்ந்த ஏரிகளுக்கு உரிய எண்ணை எடுத்து ராமேசுவரத்துக்காரருக்குப் பரிந்துரைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

தூக்குதிறன் மிகுதியாக இருந்தால் கெடுதல் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய காற்றுப்பை தண்ணீரை எதிர்த்து இழுக்கும். பாதி நிரம்பிய பையில் காற்று இங்குமங்கும் ஓடி உடலைச் சாய்க்கும். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், பை பெரிதாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம்தான் ஆபத்தானது. தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் கட்டிக்கொண்ட ஒருவர், 10 மீட்டர் ஆழத்தில் அதை ஈடுசெய்ய மட்டும் 4 லிட்டர் காற்றைப் பைக்குள் செலுத்த வேண்டியிருக்கும். அங்கே அழுத்தம் 2 பார், அதாவது மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அவர் காற்றை வெளியேற்ற மறந்து மேலெழத் தொடங்கினால், அதே காற்று மேற்பரப்பை நெருங்குகையில் 8 லிட்டராக விரிகிறது. லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அது அவரை மேல்நோக்கித் தள்ளும். புதியவர்கள் கட்டுப்பாடின்றி மேலே பாய்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். இதற்கு மருந்து ஈயத்தைக் குறைப்பதே.

எனவே, வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது காற்று உடலின் எந்தப் பக்கம் தங்குகிறது என்பதைத்தான். 1960களில் பரவிய, கழுத்தில் மாட்டும் வகையில் காற்று மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் நின்றது. 1970களில் வந்த ஜாக்கெட் வகை அதை இடுப்புப் பக்கங்களுக்கும் முதுகுக்கும் பகிர்ந்தளித்தது. மூன்றாவது, பை முழுவதும் முதுகுக்குப் பின்னே இருக்கும் வகை. இதில் மெத்தைத் தோள்பட்டைகளுடன் வருவதும் உண்டு, உலோகத் தகடும் ஒரே நீளப் பட்டையும் கொண்ட பேக்பிளேட்–விங் அமைப்பும் உண்டு. கிடைமட்டமாக நீந்தும்போது காற்று முதுகில் இருந்தால் உடல் தானாகவே நேராகிறது. ஜாக்கெட்டுடன் இடுப்பில் ஈயமும் கட்டியவரின் கால்கள் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும்; அவருடைய ஒவ்வொரு உதைப்பிலும் புதுச்சேரிக் கடலின் அடிமணல் கிளம்பிப் பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கும், அந்தமானிலோ பவளக்கிளை முறியும். அடிக்கடி இறங்குபவர்களுக்கு நான் முதுகுப்பை வகையையே பரிந்துரைக்கிறேன்.

ஜாக்கெட் ஆகாது என்பது இதன் பொருளன்று. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் இறங்குபவருக்கும், படகுக்காகக் காத்திருக்கும்போது நிமிர்ந்து மிதக்க விரும்புபவருக்கும் அது வசதியானது. பயிற்சி மையங்கள் அதை வைத்திருப்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. முதுகுப்பையை மேற்பரப்பில் முழுவதுமாக ஊதினால் அது முகத்தை முன்னோக்கித் தள்ளும் என்ற குறை உண்மையே. தேவையான அளவு மட்டும் ஊதி, சற்றே பின்னுக்குச் சாய்ந்து கொண்டால் அது தீர்ந்துவிடுகிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கட்டுரையாளரும் வாசகர்களும் கவனிக்க வேண்டும்: எந்த வகையாக இருந்தாலும் பி.சி.டி. உயிர்காப்பு மிதவை அன்று. நினைவிழந்தவரின் முகத்தை நீருக்கு மேலே வைத்திருக்கும் என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. ஐரோப்பியத் தர முத்திரையுடன் வரும் பல ஜாக்கெட்டுகளின் உட்புறத்தில் இந்த எச்சரிக்கை அச்சிட்டே வருகிறது. ‘ஜாக்கெட்’ என்ற பெயரைக் கேட்டதும் படகில் தரும் ஆரஞ்சு நிற உடுப்பை நினைத்துக்கொள்பவர்கள் அந்தச் சீட்டை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

அளவு பொருந்துவது வகையைவிட முக்கியம். கடைக்குப் போகும்போது வெட்சூட்டை எடுத்துச் செல்லுங்கள். அதை அணிந்து, மேலே பி.சி.டி.யை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் பையை முழுதாக ஊதிப் பாருங்கள். அப்போதும் ஆழமாக மூச்சிழுக்க முடிய வேண்டும். பிறகு கடைக்காரரை இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவன்று. தண்ணீரில் நடப்பதும் இதுவேதான்: உடல் கீழே தொங்க, உடுப்பு மட்டும் மேலே மிதந்து, அலையில் தாடையை இடிக்கும். குட்டையான உடற்பகுதி கொண்ட பெண்கள் ஆண்களுக்கான சிறிய அளவை வாங்கிச் சமாளிப்பதைக் காட்டிலும், பெண்களுக்கென வெட்டப்பட்ட தோள்பட்டையுடன் வருவதை அணிந்து பார்ப்பது நல்லது. பேக்பிளேட்டில் பட்டையின் நீளத்தை அவரவர் உடலுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் முதன்முறை சரியாக அமைக்கத் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும்.

தகட்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 2.5 கிலோ அளவிலான துருப்பிடிக்காத எஃகுத் தகடு அந்த அளவு ஈயத்தின் வேலையையும் சேர்த்துச் செய்யும். காரில் சாமான்களைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவருக்கு அது மிகவும் ஏற்றது. விமானத்தில் போர்ட் பிளேருக்குச் செல்பவருக்கோ 15 கிலோ மூட்டை வரம்பு இடிக்கும். போகிற இடத்தில் ஈயம் எப்படியும் மையத்தாரிடம் இருக்கும் என்பதால், அவர் அலுமினியத் தகட்டையோ பயணத்துக்கென்று செய்யப்பட்ட 2 கிலோ அளவிலான இலேசான பி.சி.டி.யையோ எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பக்கப்பைகள், வளையங்கள் என்று அலங்காரங்கள் கூடக்கூட விலையும் எடையும் கூடும். அவற்றில் பாதியைப் பலர் தொடுவதே இல்லை.

பழையதை வாங்குவோர் பையை ஊதி ஓர் இரவு அப்படியே வைத்து, காலையில் காற்று இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரிலிருந்து பைக்குள் காற்றைச் செலுத்தும் இன்ஃப்ளேட்டரின் பொத்தானையும் பலமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் காயவைத்த கருவிகளில் பொத்தானுக்கடியில் வெண்மையாக உப்பு படிந்திருக்கும். அழுத்தியபின் அது மீளாமல் சிக்கிக்கொண்டால், பை தானாகவே நிரம்பிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் இன்ஃப்ளேட்டருக்குக் காற்று வரும் குழாயை இணைப்பிலிருந்து கழற்றிவிடும் பயிற்சி எல்லோருக்கும் இருக்க வேண்டும். இடுப்பின் பின்புறம் உள்ள வெளியேற்றும் வால்வின் கயிறு கைக்கு எட்டுகிறதா என்பதையும் கடையிலேயே சோதித்துவிடலாம்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் பருவத்தில் கருவி வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களை முன்னிட்டு, 20 கிலோ என்ற அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர் ஒருவர்,
புதுச்சேரி