இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் தட்டினால் நீ வரிக்கு வரி பதில் போடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் தாளும் பேனாவும்.

அடுத்த தடவை ராத்திரி நீ கூப்பிட்டு, "அப்பா, சில்க் போர்டு பக்கம் ஸ்கூட்டர் ஒரு குலுங்கு குலுங்குச்சு, யார் மேலயாவது ஏத்திட்டேனா?" என்று கேட்டால், "இல்லம்மா, ஒண்ணும் ஆகியிருக்காது" என்று நான் சொல்லப் போவதில்லை. அம்மாவும் சொல்ல மாட்டாள். தம்பியிடமும் பேசியாயிற்று. கோபத்தில் இப்படிச் செய்கிறோம் என்று நினைத்துவிடாதே. போன வாரம் உன் தெரபிஸ்ட் எங்களோடு போனில் பேசினாரே, அப்போது நீயும் சரி என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான் இது. பயம் ஏறுகிற நேரத்தில் அது உனக்கு ஞாபகம் வராது. அப்போது இந்தத் தாளை எடுத்துப் பார்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வந்து, சரிபார்க்கச் சொல்லிப் பிடுங்குகிற இந்த ஓசிடி நோய் எனக்கு இப்படித்தான் புரிகிறது: லைனில் கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்க வைக்கிற ரிலே கெட்டுப்போனால் லைனில் ஒரு கோளாறும் இல்லாமலே ட்ரிப் ஆகும். அதற்காக லைன் முழுவதையும் நடந்து நடந்து பார்த்தால், எத்தனை தடவை பார்த்தாலும் ட்ரிப் ஆவது நிற்காது. நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் ரோட்டைப் பார்ப்பது, மறுநாள் செய்தித்தாளில் விபத்துச் செய்தி தேடுவது, எங்களிடம் கேட்பது எல்லாமே லைனை நடந்து பார்ப்பதுதான். பார்த்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் "சரியாகப் பார்த்தேனா?" என்று அடுத்தது கிளம்பிவிடும். நாங்கள் தரும் ஆறுதல்தான் அதற்குத் தீனி என்று டாக்டர் சொல்கிறார். வீட்டாரின் இந்த ஒத்தாசை கூடக் கூட நோயும் வலுக்குமாம்.

அதனால்தான் அந்தச் சிகிச்சையில் பயத்தை வரவிட்டு, சரிபார்ப்பதை மட்டும் நிறுத்தச் சொல்கிறார்கள். 1966-இல் இங்கிலாந்தில் விக்டர் மேயர் என்பவர் இந்த வழியை எழுதி வைத்தாராம். இன்றைக்கு ஈஆர்பி என்ற பெயரில் உலகம் முழுக்க இதுதான் முதல் வரிசை. குலுங்கிய இடத்தில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், கண்ணாடியில் பின்னால் பார்க்கக் கூடாது, இல்லையா? கேட்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது, உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரேயடியாகச் செய்ய வேண்டாம், சின்னதிலிருந்து ஏறு என்றுதானே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ கேட்டால் நான் சொல்லப் போவது இதுதான்: "இது ஓசிடி கேள்வி பாப்பா, இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். பயமா இருக்குன்னா லைன்லயே இரு, வேற பேசுவோம்." போனை வைக்க மாட்டேன். தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, தம்பி என்ன அரியர் வைத்திருக்கிறான், பேச எனக்கு விஷயமா இல்லை?

வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மட்டும் இந்த விதி எதுவும் கிடையாது. எந்நேரமும் கூப்பிடு. நான் எடுக்கத் தாமதமானால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள்.

காந்திமதி அம்மன் சந்நிதியில் நின்றால் வாயில் சொல்ல முடியாத எண்ணம் வருகிறது, அதனால் கோயிலுக்கே வரவில்லை என்று அம்மாவிடம் அழுதாயாம். அந்த மாதிரி எண்ணம் நோய் இல்லாதவர்களுக்கும் வரும். 1978-இல் லண்டனில் ராக்மன் என்பவரும் இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் விசாரித்துப் பார்த்ததில், சாதாரண ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு இதே வகை எண்ணங்கள் வந்து போவது தெரிந்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் நகர்ந்துவிடுகிறார்கள். உனக்கு அது ஒட்டிக்கொள்கிறது. எண்ணம் வந்தால் வரட்டும், சந்நிதியில் நில். இதை ஒரு முறைதான் சொல்வேன், இதையும் திரும்பத் திரும்பக் கேட்காதே!

மாத்திரையைப் பற்றி: செர்ட்ரலின் அளவைக் கூட்டியதும் பயந்துவிட்டாய். மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்கு அதிக அளவு தேவைப்படுவது வழக்கம்தான். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். தேறிய பிறகும் ஓரிரு வருடம் தொடரச் சொல்வார்கள். நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. வயிற்றுப் புரட்டல் இன்னும் இருந்தால் டாக்டரிடம் சொல், கூகுளிடம் சொல்லாதே. அம்மா உனக்காக வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனை செய்கிறாள். செய்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரை தனி, அர்ச்சனை தனி.

உன் பெரியத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "ஓசிடின்னா கை கழுவிக்கிட்டே இருப்பாங்களாமே, இவ ரூம் குப்பையால்ல கிடக்கு" என்கிறாள். அந்த ரூமைப் பற்றி எனக்கும் புகார் உண்டு, அது வேறு கதை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்றும் அவள் அபிப்பிராயம். கல்யாணப் பேச்சு வரும்போது, சொல்வதா, எப்போது சொல்வது என்பதை நீ முடிவு செய். என்னைக் கேட்டால் சொல்லிவிடுவதே நல்லது. சர்க்கரை மாத்திரையை மறைத்துச் சாப்பிடும் வீட்டில் பிறந்தவனில்லை நான்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உனக்கு அடுத்த தேதி கொடுத்ததும் சொல். குடும்பத்தாரும் வரலாம் என்றால் நானும் அம்மாவும் வருகிறோம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைப்பது கஷ்டம், அம்மாவின் முழங்காலுக்கு மேல் பெர்த் ஆகாது. கொஞ்சம் முன்கூட்டியே சொன்னால் டிக்கெட் போட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா