சேமிப்பின் எண்ணும் அதன் பெறுமானமும்

அன்புள்ள மகளுக்கு,

பணவீக்கம் இறங்கிவிட்டது, இனி விலையெல்லாம் குறையும் என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கையில் சேமிப்பு முழுவதையும் வைப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வீட்டுக்கடனுக்கும் விண்ணப்பித்திருக்கிறாய். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடும்மா.

பணவீக்கம் இறங்கினால் விலை இறங்காது. விலை ஏறும் வேகம்தான் இறங்கும். 100 கொடுத்து வாங்கிய பொருள் முதல் ஆண்டு 10 விழுக்காடு, அடுத்த ஆண்டு 5, மூன்றாம் ஆண்டு 3 என்று ஏறினால் 110, 115.50, பிறகு ஏறக்குறைய 119. வேகம் தணிந்துகொண்டே வந்தது உண்மை. ஆனால் 119 மறுபடி 100 ஆகப் போவதில்லை. நாட்டின் பணத்தையும் வட்டியையும் கவனித்துக்கொள்ளும் மத்திய வங்கி அதற்கு முயலவும் செய்யாது. விலை ஆண்டுக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று முன்பே குறித்துக்கொள்ளும் பணவீக்க இலக்கு என்ற முறையை 1990 வாக்கில் நியூசிலாந்து தொடங்கிவைத்தது. அமெரிக்க மத்திய வங்கி 2012இல் தன் இலக்கு 2 விழுக்காடு என்று வெளிப்படையாக அறிவித்தது. பூஜ்யம் வைக்காததற்குக் காரணம் உண்டு. விலைகள் விழத் தொடங்கினால் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், பழைய கடன்களின் பாரம் கூடும், வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் இறக்கவும் வழியில்லை. ஆக, உன் பணம் ஆண்டுதோறும் கொஞ்சம் தேயும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது.

தேய்மானத்தைக் கணக்கிடும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். விலை 19 விழுக்காடு ஏறினால் பணம் 19 விழுக்காடு இழந்ததாக ஆகாது. 100ஐ 119ஆல் வகுத்தால் 0.84, இழப்பு 16 விழுக்காடு. செலாவணிக்கும் இதே வகுத்தல்தான். ஒரு டாலர் 50இலிருந்து 60 ஆனால் டாலர் 20 விழுக்காடு ஏறியது, உள்நாட்டுப் பணம் விழுந்தது 16.7 விழுக்காடு.

இனி உன் வைப்புக்கு வருவோம். வட்டி 7 விழுக்காடு, வட்டியின்மேல் வரி 20 விழுக்காடு என்றால் கையில் நிற்பது 5.6. பணவீக்கம் 6 ஆக இருந்தால் 1.056ஐ 1.06ஆல் வகு. 0.996 வரும். ஒரு லட்சம் பத்து ஆண்டில் ஏறக்குறைய 1,72,400 ஆக வளர்ந்திருக்கும், ஆனால் இன்றைய 96,300 வாங்குவதைத்தான் அது வாங்கும். விழுங்கியது வரி. தேய்மானத்தை ஈடுகட்ட வந்த வட்டிக்கும் சேர்த்து வரி போடுகிறார்கள், அதனால் பணவீக்கம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வைப்பில் வைத்திரு, அது அவசரத்துக்கு. இருபது ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தை அங்கேயே விட்டுவைக்காதே.

வட்டியை ஏன் இப்படி ஏற்றி வதைக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். மத்திய வங்கியால் எண்ணெயோ கோதுமையோ விளைவிக்க முடியாது. கடனை விலையுயர்ந்ததாக்கித் தேவையை அடக்குவதுதான் அதன் கையில் இருக்கிறது. அந்த மருந்து வேலை செய்ய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும், வலியும் கடுமையானது. அமெரிக்காவில் 1980இல் பணவீக்கம் 14 விழுக்காட்டைத் தாண்டியபோது அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் வட்டி 20 விழுக்காட்டை ஒட்டி ஏற விட்டார். 1982இல் வேலையின்மை 10 விழுக்காட்டுக்கு மேல் போனது. 1983இல் பணவீக்கம் 4க்குக் கீழே வந்தது. வேலை இழந்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் எதிர்வழியில் போன துருக்கியையும் பார். பணவீக்கம் 20 விழுக்காட்டை நெருங்கியிருந்த 2021 செப்டம்பரில், 19 ஆக இருந்த வட்டியைக் குறைக்கத் தொடங்கினார்கள். அந்த ஓர் ஆண்டில் துருக்கியின் பணமான லிரா டாலருக்கு எதிராக 40 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறி, 2022 அக்டோபரில் அரசின் கணக்கிலேயே பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சில் வட்டியை 50 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் லிராவிலேயே சேமித்தவர்கள் இழந்ததை யாரும் ஈடுசெய்ய முடியாது. அதை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

கடன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். பத்து லட்சம், 20 ஆண்டு, 8 விழுக்காடு என்றால் மாதத் தவணை 8,364. அதில் முதல் மாதம் 6,667 வட்டிக்கே போய்விடும். அவ்வப்போது ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியாக இருந்து மத்திய வங்கி ஏற்றிக்கொண்டே போனால், சில வங்கிகள் தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தை நீட்டும். பாரம் கூடியது கண்ணுக்குத் தெரியாது. வட்டி 11 ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 9,167. நீ கட்டும் 8,364 வட்டிக்கே போதாது, மீதி அசலில் போய்ச் சேரும். கட்டக் கட்டக் கடன் வளரும்.

நிலையான வட்டி ஒரு விழுக்காடு கூடுதலாக இருந்தாலும் அதையே எடு என்பேன். எத்தனை ஆண்டுக்கு நிலையானது என்று பார். மூன்று ஆண்டுக்குப் பிறகு மாறும் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். மிதக்கும் வட்டிதான் கிடைக்கும் என்றால், வட்டி 3 விழுக்காடு ஏறினால் தவணை எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. 11 விழுக்காட்டில் இதே கடனுக்குத் தவணை 10,322. அந்தத் தொகையை இப்போதே ஆறு மாதம் தனியாக எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். வங்கி தரும் பதிலை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா